பகலில் அந்த வீட்டில் இருக்கப்போவது யார்?

கேள்வி: காடுகோடியில் 9 வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்குப் பட்டந்தூர் அக்ரஹாராவில் அக்கவுண்ட்ஸ் வேலை, வாரத்தில் 4 நாள் ஆபீஸ் போக வேண்டும். கணவருக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, வாரத்தில் 3 நாள். மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாமியாருக்கு 67 வயது. திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தவரைப் போன வருடம் எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். கொஞ்சம் மண்ணும் மரமும் இருக்கிற இடத்துக்குப் போய்விடலாம் என்று மூன்று இடம் பார்த்திருக்கிறோம். மாலூரிலிருந்து 7 கிலோமீட்டர் தள்ளி ஒரு லேஅவுட், சர்ஜாபுரத்துக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் ஒரு கேட்டட் லேஅவுட், ஓசூரைத் தாண்டி தளி ரோட்டில் ஒரு தனி வீடு. ரயில் இருப்பதால் எனக்கு மாலூர் பிடிக்கிறது. "நம்ம மாநிலம், பிள்ளை தமிழ் படிக்கும்" என்று கணவர் ஓசூரைச் சொல்கிறார். சர்ஜாபுரம் இரண்டு ஆபீசுக்கும் நடுவில் இருக்கிறது. மாமியாரைக் கேட்டால், "எங்கன்னாலும் சரிம்மா, பேச நாலு பேர் இருந்தா போதும்" என்கிறார். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பார்த்த மூன்று பக்கமும் எனக்குப் பழக்கமானவை. நகரமைப்பு ஆலோசகராக 22 வருடமாக அந்தச் சாலைகளில் போய்வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலூருக்குப் போங்கள். ஆனால் நீங்கள் பார்த்த அந்த லேஅவுட்டுக்கு வேண்டாம். மாலூர் டவுனுக்குள், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள். அதுவும் முதல் ஒரு வருடம் வாடகைக்கு.

ரயிலை வைத்து மட்டும் நான் இந்த முடிவுக்கு வரவில்லை. உங்கள் மாமியார் சொன்ன அந்த ஒரு வரிதான் முக்கியக் காரணம்.

ஊருக்கு வெளியே வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் ஆபீசிலிருந்துதான் அளக்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று. ஆனால் ஆபீஸ் போகிறவர் அந்த ஊரில் எவ்வளவு நேரம் கண் விழித்து இருக்கிறார்? காலை 7 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்குத் திரும்பினால், ஒரு நாளில் நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். உங்கள் மாமியார் காலை 5 மணிக்கு எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அங்கேயேதான் இருப்பார், வாரத்தின் ஏழு நாளும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நீங்கள் திரும்பும்வரை அவரோடு இருப்பாள். அந்த ஊரில் நிஜமாகக் குடியிருக்கப் போகிறவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். அதனால் அவர்களிடமிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2010இல் ஆனேக்கல் பக்கம் ஒரு லேஅவுட்டில் வீடு கட்டி, என் அம்மாவை அழைத்துக்கொண்டு குடிபோனேன். நாற்பதடி ரோடு, தெருவிளக்கு, எதிரே பூங்காவுக்கு விட்ட இடம். வரைபடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் 120 சைட்டில் வீடு எழும்பியிருந்தது ஒன்பதில்தான். மற்றதெல்லாம் விலை ஏறும் என்று வாங்கிப் போட்டவை. ஒரு பால் பாக்கெட்டுக்கு 2 கிலோமீட்டர் போக வேண்டும். அம்மா எதையும் குறையாகச் சொல்கிறவர் இல்லை. ஒருநாள் நான் சீக்கிரம் வீடு திரும்பியபோது, கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "சாப்பிட்டதிலேர்ந்து" என்றார். அப்போது மணி நாலரை. மூன்று வருடம் அப்படிப் போனது. அப்புறம் ஆனேக்கல் டவுனுக்குள்ளேயே நெசவாளர்கள் இருக்கும் ஒரு தெருவில் சின்ன வாடகை வீட்டுக்கு மாறினோம். எதிர்வீட்டில் திண்ணை இருந்தது, தெருமுனையில் பூ விற்கிற அம்மா ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் அம்மாவுக்குத் தெரிந்த கன்னடம் பத்து வார்த்தை. அது போதுமாக இருந்தது. அடுத்த ஆறு வருடம், அவர் காலமாகும்வரை, அந்தத் தெருவில் அவருக்கு நல்லபடியாகப் போனது. முதல் மூன்று வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அதனால், இடம் பார்க்கப் போகும்போது முதலில் எத்தனை வீட்டில் சமையல் நடக்கிறது என்று பாருங்கள். எத்தனை சைட் காலி என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் காலியாக இருந்தால், அது இன்னும் ஊராக ஆகவில்லை என்று அர்த்தம். அது ஊராகும்வரை காத்திருக்க 67 வயதுக்காரரால் முடியாது.

இப்போது சர்ஜாபுரம். "இரண்டு பேருக்கும் நடுவில்" என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே உங்கள் இருவருக்குமே நடந்து போகிற தூரத்தில் ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. நீங்கள் தொம்மசந்திரா, வர்த்தூர் வழியாகப் போக வேண்டும். காடுகோடியில் 9 வருடம் இருந்தவருக்கு வர்த்தூர் கோடியின் காலை நெரிசலை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் சந்தாபுரா வந்து ஓசூர் ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு மழை நாளில் இரண்டு பேருமே ரோட்டில் மாட்டிக்கொண்டால், இருட்டிய பிறகும் வீட்டில் பாட்டியும் பேத்தியும் மட்டும்தான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பத்தில் ஒருவருக்காவது நேரம் தவறாமல் வீடு திரும்ப வழி இருக்க வேண்டும் என்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். நடுவில் வீடு பார்த்தால் அந்த ஒருவர்கூட இல்லாமல் போய்விடுகிறார்.

சர்ஜாபுரத்திலிருந்து ஹெப்பாளுக்கு மெட்ரோ வரப்போகிறது என்று அங்கே விற்கிறவர்கள் சொல்லியிருப்பார்கள். திட்டம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா போகும் மஞ்சள் தடம் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ஒன்று. அந்தக் கட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது 2014இல். வண்டி ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில். அவ்வளவு காலம் பிடித்தால் இன்றைக்கு 8 வயதான உங்கள் மகள் அந்த ரயிலில் ஏறுவதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பாள். மாலூருக்கும் இதே எச்சரிக்கையைத்தான் சொல்வேன். 2022 ஜூனில் அடிக்கல் நாட்டிய புறநகர் ரயில் திட்டத்தில் கெங்கேரியிலிருந்து வரும் தடம் ஒயிட்ஃபீல்டோடு நின்றுவிடுகிறது. மாலூருக்கு அது வரும் என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்றைக்கு ஓடுகிற வண்டியை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

ஓசூரைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. ஓசூர் வாழ்வதற்கு நல்ல ஊர். 2019இல் மாநகராட்சி ஆனது. மருத்துவமனை, பள்ளி, காய்கறிச் சந்தை எதற்கும் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. தண்ணீர் விஷயத்திலும் ஒரு படி மேல்: 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் அங்கே வருகிறது. உங்கள் கணவருக்கு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம். நீங்கள் இரண்டு பேரும் அங்கேயே வேலை பார்த்தால் நான் யோசிக்காமல் ஓசூர் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் வாரத்தில் 4 நாள் போகிறவர் நீங்கள். ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்கு பஸ், அங்கிருந்து மஞ்சள் தடத்தில் ஆர்.வி. ரோடு, பச்சைத் தடத்தில் மெஜஸ்டிக், அப்புறம் ஊதாத் தடத்தில் கிட்டத்தட்டக் கடைசிவரை. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாகலூர், சர்ஜாபுரம் வழியாகச் சாலையில் வந்தாலும் கடைசியில் அதே வர்த்தூரில்தான் வந்து நிற்பீர்கள்.

இன்னொன்று, மாநில எல்லை. சாதாரண நாளில் ஜூஜூவாடி, அத்திப்பள்ளியைக் கடப்பது ஒரு விஷயமே இல்லை. ஆனால் 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பஸ்கள் எல்லையோடு நின்றன, ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து எல்லையைக் கடந்தார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கில் இ-பாஸ் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியவில்லை. அந்த மாதிரி ஒரு நாளில் நீங்கள் இந்தப் பக்கமும் பிள்ளை அந்தப் பக்கமும் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், கர்நாடகப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஆயுள் வரியை அங்கே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

தளி ரோடு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள் காலங்காலமாகப் போய்வருகின்றன. ராகி முற்றி அறுவடைக்கு நிற்கிற மாதங்களில் அவை வயலில் இறங்கும். அந்த வீடு டவுனிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வாங்குவதற்கு முன் பக்கத்து நிலத்தில் ராகி போடுகிறவரைப் பார்த்து, ராத்திரி காவலுக்குப் போவதுண்டா என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

"பிள்ளை தமிழ் படிக்கும்." இதைச் சொல்லும் தகப்பன் மனசு எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியில் தமிழ் கட்டாயம், கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னடம் கட்டாயம். உங்கள் மகள் கன்னட எழுத்தில் மூன்று வருடம் கடந்துவிட்டாள். இந்த வயதில் மாறினால் சமாளித்துவிடுவாள், ஏழாம் எட்டாம் வகுப்பில் மாற்றினால்தான் திணறுவாள். மேலே கல்லூரி சேரும்போதும் இது வந்து நிற்கும். கர்நாடக அரசு ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவ இடங்களுக்குப் பொதுவான வழி, ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுக்குள் 7 வருடம் கர்நாடகத்தில் படித்து, பத்தாவதோ பன்னிரண்டாவதோ இங்கே தேறியிருப்பது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு, எட்டாவதிலிருந்து பன்னிரண்டுவரை அங்கேயே படித்திருந்தால் இருப்பிடச் சான்று தொல்லை இல்லை. எந்தப் பக்கம் என்றாலும் இப்போதே ஒருமுறை முடிவு செய்துவிட்டு, அதிலேயே நில்லுங்கள். நடுவில் மாற்றி மாற்றி அலைந்தால் இரண்டு பக்கமும் கை நழுவிப் போகலாம்.

ஆனால் தமிழுக்காக மட்டும் ஓசூர் போக வேண்டுமா? உங்கள் வீட்டிலேயே திருப்பத்தூர்த் தமிழ் பேசுகிற பாட்டி இருக்கிறார். அவருக்கு எழுத்துத் தெரிந்தால், தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பேத்திக்கு அ, ஆ சொல்லித்தர வையுங்கள். தெரியாவிட்டால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுங்கள், பாட்டி கதை சொல்லட்டும். பள்ளிக்கூடம் தருவதைவிட அந்தத் தமிழ் அதிக நாள் அவளோடு இருக்கும்.

கர்நாடகத்தில் உள்ளே தள்ளி ஒரு ஊரில் தமிழர்களாகத் தனியாக இருக்க முடியுமா என்ற பயமும் உங்கள் கணவர் மனசில் இருக்கலாம். 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் மாலூர் இருக்கும் கோலார் மாவட்டத்தில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. மாலூரிலிருந்து பங்காருப்பேட்டை, தங்கவயல் பக்கம் போகப் போகத் தமிழ் கூடிக்கொண்டே போகும். பஞ்சாயத்து ஆபீசிலும் ரேஷன் கடையிலும் முதல் வார்த்தையைக் கன்னடத்தில் ஆரம்பியுங்கள். அதன்பிறகு எதிரில் இருப்பவரே உங்களிடம் தமிழில் பேசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, மாலூருக்கு வருவோம். மாலூரில் ஏறினால் தேவன்கொந்தி தாண்டி ஒயிட்ஃபீல்டு, வண்டி சரியாக ஓடினால் அரை மணி நேரத்துக்குள். ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனை ஒட்டியே காடுகோடி மெட்ரோ. அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் பட்டந்தூர் அக்ரஹாரா. உங்கள் பயணத்தில் ஒரு சிக்னல்கூட இல்லை. சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் செலவும் பெரிதாக இராது. உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். மாலூர் வருவதற்குள் காலை வண்டி நிறைந்திருக்கும். ஆனாலும் அந்தப் பெட்டியில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கும் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும், வண்டி தாமதம் என்றால் முந்தின ஸ்டேஷனிலிருந்தே உங்களுக்கு போன் வரும்.

அதே தண்டவாளம் மறுபக்கம் பங்காருப்பேட்டை, குப்பம் வழியாக ஜோலார்பேட்டைக்குப் போகிறது. அங்கிருந்து திருப்பத்தூர் கூப்பிடு தூரம். உங்கள் மாமியாரின் தங்கையோ அண்ணன் மகளோ காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். நீங்கள் பார்த்த மூன்று இடத்திலும் அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்தோடு ரயிலில் நேராகச் சேர்ந்திருப்பது இது ஒன்றுதான்.

ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற லேஅவுட் ஏன் வேண்டாம் என்கிறேன்? இரவு 8 மணிக்கு ஸ்டேஷனில் இறங்கினால் அந்தப் பக்கம் ஆட்டோ கிடைப்பது சிரமம், விளக்கில்லாத ரோட்டில் ஸ்கூட்டரில் போக வேண்டும். மாமியார் காலால் நடந்து போய் வருவதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. டவுனுக்குள் என்றால் கோவில், மருந்துக் கடை, தாலுகா ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் தானாகவே போய்வரும் தூரம். மாலூர் டவுன் பார்க்க அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். செங்கல் சூளையும் ஓட்டுத் தொழிற்சாலையும் உள்ள ஊர், லாரிப் புழுதி உண்டு. வீடு பார்க்கும்போது சூளைப் புகை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனியுங்கள். மண்ணும் மரமும் என்று நீங்கள் ஆசைப்பட்டதற்கு, பின்கட்டில் பத்தடி மண் இருக்கிற பழைய வீடு ஒன்று கிடைக்கும்வரை பொறுமையாகத் தேடுங்கள். ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் நாலு கோழியும் அதற்குள் அடங்கும்.

இதில் நஷ்டப்படுகிறவர் உங்கள் கணவர், அதை மறைக்க முடியாது. சர்ஜாபுரம், அத்திப்பள்ளி வழியாக அவருக்கு நீளமான பாதை. மாலூர் வழியாகப் போகும் புதிய சென்னை விரைவுச்சாலை அவருக்கு உதவாது. அது போவது ஹொஸ்கோட்டை திசையில், பைக்குக்கும் அதில் அனுமதி கிடையாது. ஆகவே முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வாரம், அந்த மூன்று நாளும் அவர் மாலூர் போய், அங்கிருந்து ஆபீஸ் போய், சாயங்காலமும் அதே வழியில் திரும்பி வந்து பார்க்கட்டும். ஒரு நாளாவது மழையில். "என்னால் முடியாது" என்று அவர் சொன்னால் அந்த வார்த்தையை மதியுங்கள், ஆபீஸ் நாட்களைக் குறைக்க வழி உண்டா என்று அவர் கேட்டுப் பார்த்த பிறகு மறுபடி பேசலாம். ஆபீஸ் நாட்களையும் இரண்டு பேரும் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் 5 வேலை நாள், நீங்கள் 4, அவர் 3. சரியாகப் பிரித்தால் இரண்டு பேருமே வீட்டில் இல்லாத நாள் இரண்டுதான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்தில் வீடு வாங்கி வருந்துகிறவர்களில் அதிகம் பேர் தண்ணீரால்தான் வருந்துகிறார்கள். பெங்களூருக்கான காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறந்தது. அது பெங்களூரு மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு. சர்ஜாபுரமும் மாலூரும் அதில் இல்லை, இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மாலூர்ப் பக்கத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. பெரும்பாலும் ஏரியும் போர்வெல்லும்தான். அடியில் கருங்கல் பாறை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய பகுதி அது, ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் புழுதி மட்டும் வந்த இடங்கள் உண்டு. 2018லிருந்து பெங்களூரின் கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். அது நிலத்தடி நீர் ஏறுவதற்காகத்தான், குடிப்பதற்கு இல்லை. அந்த ஏரிகளை ஒட்டி கிணறு உள்ள வீடு என்றால் தண்ணீரைப் பரிசோதிக்காமல் பாத்திரம் கழுவக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

முக்கியமானது ஃப்ளோரைடு. கோலார் மாவட்டத்து ஆழமான போர்வெல்களில் இது பழைய பிரச்சினை. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, குடிக்க வேறு தண்ணீரே இல்லாத இடத்தில்தான் 1.5 வரை ஏற்பார்கள். அதற்கு மேல் போனால் வளர்கிற பிள்ளையின் பல்லில் கறை விழும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். உங்கள் மகளுக்கு நிரந்தரப் பற்கள் உருவாகிற வயது இது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. இயந்திரமோ, ஊரில் நாணயம் போட்டுப் பிடிக்கிற குடிநீர் மையமோ வேண்டும். எந்த வீடு பார்த்தாலும் போர்வெல் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு, நைட்ரேட், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) மூன்றையும் பாருங்கள். செலவு அதிகம் ஆகாது. இதைச் செய்யாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். டேங்கர் ஓட்டுகிறவரிடம், "ஏப்ரலில் இந்தத் தெருவுக்கு வாரத்துக்கு எத்தனை லோடு போடுவீங்க" என்றும் கேளுங்கள்.

வாங்கும் காலம் வந்தால் பத்திரத்துக்கு ஒரு நல்ல வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கர்நாடகத்தில் பஞ்சாயத்து எல்லைக்குள் உள்ள சைட்டுக்கு இ-ஸ்வத்துவில் (பஞ்சாயத்துச் சொத்துகளுக்கான அரசின் இணையப் பதிவேடு) எடுத்த படிவம் 9ம் 11ம் இருக்க வேண்டும். விவசாய நிலத்தை டி.சி. கன்வர்ஷன் செய்து (மாவட்ட துணை ஆணையரின் உத்தரவுப்படி விவசாயமல்லாத நிலமாக மாற்றி), அந்தப் பகுதித் திட்ட ஆணையத்தின் அனுமதியோடு போட்ட லேஅவுட்டா என்று பாருங்கள். அப்படி மாற்றாத நிலத்தில் பிரித்த மனையைக் காட்டி, "ரெவின்யூ சைட், விலை குறைவு, அப்புறம் சரியாகிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள், வங்கிக் கடனும் அதற்குக் கிடைப்பது கஷ்டம். வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்காவது பின்னோக்கி எடுங்கள். அந்த நிலம் ஒருகாலத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பத்துக்கு அரசு கொடுத்ததா என்று கட்டாயம் பாருங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு அனுமதி இல்லாமல் அதை விற்றது செல்லாது, அது அவர்களுக்கே திரும்பிப் போக வேண்டிய நிலம். கிராம வரைபடத்தில் ராஜகாலுவே, அதாவது மழைநீர் போகும் பெரிய வாய்க்கால், எங்கே ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

வாடகைக்குப் போவதை ஏப்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் ஜூன் வாக்கில் தொடங்குவதற்குள் வெயில் காலத் தண்ணீர் எப்படி என்று தெரிந்துவிடும். அப்புறம் மழைக்காலத்தில் தெரு, செங்கல் சூளைப் புகை, கடைசி வண்டியைத் தவறவிட்ட ஒரு இரவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்த ஊரிலேயே இடம் வாங்குவதா என்று முடிவு செய்யலாம்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு ஆபீஸ் இல்லாத வேலை நாளில், ஞாயிற்றுக்கிழமையில் வேண்டாம், மாமியாரை ரயிலில் மாலூருக்கு அழைத்துப் போங்கள். பதினோரு மணி வாக்கில், நீங்கள் வீடு பார்க்க நினைக்கிற தெருவில் கோவில் வாசலிலோ பூக்கடைப் பக்கத்திலோ அவரை உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் போய் ஒரு மணி நேரம் வீடு பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் யார் யாரோடு பேசினார் என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.